தேவாலயத்தின் அடியில் ஏறிவரும் தண்ணீர்

நானூறு ஆண்டுகள் மண்ணுக்குள் தாக்குப்பிடித்த சாட்சியங்களை நம் தலைமுறை இழக்கப்போகிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ஜேம்ஸ் ஆற்றை ஒட்டிக் கிடக்கும் ஜேம்ஸ்டவுன் என்ற தாழ்ந்த தீவைப் பற்றித்தான் சொல்கிறோம். 1607 மே மாதம் 104 ஆங்கிலேய ஆண்களும் சிறுவர்களும் கரையிறங்கிக் கோட்டை கட்டிய இடம் அது. வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் நிலைத்து நின்ற முதல் குடியிருப்பு. அங்கே அடுத்தடுத்து எழுந்த தேவாலயங்களின் தரைக்கடியில் தங்கள் இறந்தவர்களைப் புதைத்தார்கள். அந்தக் கல்லறைகளைத் தொல்லியலாளர்கள் நிதானமாகத் திறந்து படித்துவருகிறார்கள். அவர்கள் படித்து முடிக்கும்வரை தண்ணீர் காத்திருக்கப்போவதில்லை.

இது யாரோ சில ஆர்வலர்கள் கிளப்பிய பீதி அல்ல. 2022 மே மாதம், அமெரிக்காவின் வரலாற்றுப் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளை, நாட்டிலேயே மிகுந்த ஆபத்தில் இருக்கும் 11 வரலாற்று இடங்களின் பட்டியலில் ஜேம்ஸ்டவுனைச் சேர்த்தது. ஆற்று மட்டம் உயர்கிறது, புயல் வலுக்கிறது, பெருமழை பெய்தால் அகழாய்வுக் குழிகள் குளமாகின்றன, நிலத்தடி நீர் அடியிலிருந்து மேலேறுகிறது. இத்தனையும் ஒரே தீவில், ஒரே காலத்தில் நடக்கின்றன. பட்டியலில் பெயர் ஏறியதோடு கடமை முடிந்தது என்று ஆட்சியாளர்கள் இருந்துவிட்டால் இழப்பு உறுதி.

இழக்கப்போவது என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த இடம் ஏற்கெனவே ஒருமுறை தொலைந்துபோனதாகக் கருதப்பட்டது. முக்கோண வடிவில் கட்டப்பட்ட அந்த முதல் கோட்டையை ஆறு அரித்துத் தின்றுவிட்டது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 1893இல் ஒரு தம்பதியர் தீவின் 22.5 ஏக்கர் நிலத்தைப் பழம்பொருள் பாதுகாப்புச் சங்கம் ஒன்றுக்குத் தானமாகக் கொடுத்தார்கள். 1900-01இல் அங்கே கான்கிரீட் கரைச்சுவர் எழுந்தது. 1994இல் வில்லியம் கெல்சோ என்ற தொல்லியலாளர் அந்தச் சுவருக்கு உட்புறம் மண்வெட்டியை வைத்தார். மரக்கம்பங்கள் நட்ட பள்ளங்களின் கறை மண்ணில் வரிசையாகத் தெரிந்தது. கோட்டையின் பெரும்பகுதி போகவில்லை, காலடியிலேயே இருந்தது. உரிய காலத்தில் கட்டிய ஒரு சுவர்தான் அதை மிச்சம் வைத்தது என்பதை இன்றைய விவாதத்தில் யாரும் மறக்கக் கூடாது.

2010இல் அதே கோட்டைக்குள், 1608இல் கட்டப்பட்ட தேவாலயம் கிடைத்தது. கிடைத்தது என்றால், சுவரும் கூரையும் அல்ல. பெரிய தூண்கள் நின்ற ஆழமான குழிகளின் தடம் மட்டுமே. 1610இல் அதைக் கண்ணால் பார்த்த வில்லியம் ஸ்ட்ரேச்சி, நீளம் 60 அடி, அகலம் 24 அடி என்று எழுதிவைத்திருந்தார். மண்ணில் தெரிந்த தடம் அந்த அளவோடு ஒத்துவந்தது. 1614இல் பவ்ஹாட்டன் பழங்குடித் தலைவரின் மகள் போகஹான்டஸுக்கும் ஆங்கிலேயர் ஜான் ரால்ஃபுக்கும் திருமணம் நடந்தது இந்தத் தேவாலயத்தில்தான்.

பலிபீடம் இருந்திருக்கக்கூடிய கிழக்குக் கோடியில் நான்கு கல்லறைகள் வரிசையாக இருந்தன. அந்த இடத்தில் புதைக்கப்படுவது அன்றைய இங்கிலாந்தில் பெரிய மனிதர்களுக்கு மட்டுமே வாய்க்கும் உரிமை. 2013இல் அவற்றைத் திறந்தார்கள். எலும்புக்கூடு ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியிருந்தது. சவப்பெட்டியின் மரம் முழுக்க மக்கிவிட்டது. ஆணிகள் கிடந்த நிலையை முப்பரிமாணத்தில் குறித்து, அதிலிருந்து பெட்டியின் வடிவத்தை மீட்டார்கள். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் டக்ளஸ் ஓஸ்லி தலைமையிலான குழு எலும்பிலிருந்து வயதைக் கணித்தது. உண்ட உணவின் தன்மையைப் பார்த்தது. ஈயத்தின் அளவைச் சோதித்தது. ஈயம் கலந்த பாத்திரங்களில் உண்ணும் வசதி அன்று மேட்டுக்குடியினருக்கே இருந்தது. இந்தத் தடயங்களைப் பழைய ஆவணங்களோடு ஒப்பிட்டு, 2015 ஜூலையில் நான்கு பெயர்களை அறிவித்தார்கள்: குடியேற்றத்தின் முதல் போதகர் ராபர்ட் ஹன்ட், கேப்டன் கேப்ரியல் ஆர்ச்சர், சர் ஃபெர்டினாண்டோ வெய்ன்மன், கேப்டன் வில்லியம் வெஸ்ட். 1608க்கும் 1610க்கும் இடையில் இறந்தவர்கள். ஒருவர்கூட நாற்பதைத் தாண்டவில்லை.

போதகர் ஹன்ட்டுக்குச் சவப்பெட்டி இல்லை. துணியில் சுற்றிப் புதைத்திருந்தார்கள். ஆர்ச்சரின் சவப்பெட்டி மீது ஒரு சிறிய வெள்ளிப் பேழை இருந்தது. மூடியில் ஒற்றை எழுத்து கீறப்பட்டிருந்தது. திறந்தால் சிதைந்துவிடும் என்பதால் அதைத் திறக்கவில்லை. ஊடுகதிர்ப் படம் எடுத்தார்கள். உள்ளே ஏழு எலும்புத் துண்டுகளும், புனித நீரோ எண்ணெயோ வைக்கும் ஈயக் குப்பியின் இரண்டு துண்டுகளும் தெரிந்தன. கத்தோலிக்கர் போற்றும் திருப்பண்டப் பேழையின் இலக்கணம் இது. ஆங்கிலிக்கன் சபையைத் தவிர வேறு வழிபாட்டுக்கு இடமே கொடாத குடியேற்றத்தில், அதன் தலைவர்களில் ஒருவருடைய சவப்பெட்டி மீது இதை வைத்தவர் யார்? ஆர்ச்சரின் பெற்றோர் ஆங்கிலிக்கன் ஆலயத்துக்கு வர மறுத்த கத்தோலிக்கர்கள் என்பது இங்கிலாந்து ஆவணங்களில் இருக்கிறது. அவரும் தன் நம்பிக்கையை மறைத்து வாழ்ந்தாரா என்ற கேள்வியை எந்தக் காகிதமும் எழுப்பியதில்லை. அந்தக் கல்லறைதான் எழுப்பியது.

அடுத்த செய்தி, கல்லறைகளைத் திறந்து பதினோரு ஆண்டுகள் கழித்தே வந்தது. 2024 ஆகஸ்டில் ‘ஆன்டிக்விட்டி’ ஆய்விதழில் மரபணு முடிவுகள் வெளியாயின. வெய்ன்மனும் வெஸ்ட்டும் தாய்வழி உறவினர்கள் என்று தெரிந்தது. ஆளுநர் டி லா வார் பிரபுவின் குடும்பத்தோடு இருவருக்கும் தொடர்பு உண்டு என்பது தெரிந்ததே. ஆனால் வெஸ்ட் தந்தை வழியில் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்றே எண்ணியிருந்தார்கள். மரபணு கைகாட்டிய திசையில் ஆவணங்களைத் திரும்பப் புரட்டியபோது, அவர் அந்தக் குடும்பத்துப் பெண் ஒருவருக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்தவர் என்ற சேதி வெளிப்பட்டது. குடும்ப வரலாற்றில் யாரும் எழுதாமல் விட்டதை ஈர மண்ணில் கிடந்த எலும்பு சொல்லிவிட்டது.

பக்கத்திலேயே இன்னொரு தேவாலயம். 1617இல் மரத்தால் கட்டப்பட்டது. 1619 ஜூலை 30 அன்று வர்ஜீனியாவின் முதல் பிரதிநிதிகள் சபை கூடியது அதில்தான். அதே இடத்தில் பின்னால் செங்கல் தேவாலயம் எழுந்தது, 1676இல் ஆளுநருக்கு எதிராக எழுந்த பேக்கன் கலகத்தில் எரிந்தது, மீண்டும் எழுந்தது, பாழடைந்தது. 1907இல் பழைய அடித்தளத்தின் மீது நினைவு ஆலயம் கட்டினார்கள். 2016 முதல் அதன் தரையைப் பெயர்த்து ஆய்வு நடந்தது. நடுவழியில் இருந்த ஒரு முக்கியக் கல்லறை, முதல் சபையைக் கூட்டிய ஆளுநர் ஜார்ஜ் யியர்ட்லியுடையதாக இருக்கலாம் என்ற எதிர்பார்ப்போடு 2018இல் திறக்கப்பட்டது. யியர்ட்லிக்கு இன்னொரு முகமும் உண்டு. அதே 1619 ஆகஸ்டில் ‘ஒயிட் லயன்’ என்ற கப்பல் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட இருபதுக்குச் சற்று மேற்பட்ட மனிதர்களை வர்ஜீனியாக் கரைக்குக் கொண்டுவந்தது. உணவுப்பொருளுக்கு மாற்றாக அவர்களை வாங்கிக்கொண்டவர்கள் ஆளுநரும் குடியேற்றத்தின் வணிக அதிகாரியும். மக்களாட்சியின் பிறப்பும் அடிமைமுறையின் பிறப்பும் ஒரே கோடைக்காலத்தில், ஒரே மனிதரின் கையால் நடந்த குடியேற்றம் இது.

தேவாலயத்திலிருந்து சில எட்டு தொலைவில், ஒரு நிலவறைக் குழியில், 2012இல் ஒரு சிறுமியின் மண்டையோடு கிடைத்தது. வயது 14 இருக்கும். ஆய்வாளர்கள் ஜேன் என்று பெயரிட்டார்கள். சமையல் கழிவோடு சேர்ந்து கிடந்த அந்த எலும்பில் வெட்டுக் காயங்கள். 1609-10 குளிர்காலத்துப் பெரும்பஞ்சத்தில் சுமார் 300 பேரில் 60 பேரே பிழைத்தார்கள்; பசியில் செத்தவர்களைத் தின்றார்கள் என்று அந்தக் காலத்திலேயே சிலர் எழுதியிருந்தார்கள். குடியேற்றத்தை நடத்திய வர்ஜீனியாக் கம்பெனியின் மீது சேறு பூசும் கட்டுக்கதை என்று அதைத் தள்ளிவிட்ட வரலாற்றாசிரியர்கள் உண்டு. 2013இல் ஜேனின் எலும்பு அந்த விவாதத்தை முடித்துவைத்தது.

இந்த நான்கைந்து கண்டுபிடிப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் நம் கவலையின் வேர் தெரியும். எழுத்து அதிகாரத்தில் இருந்தவர்கள் கையில் இருந்தது. லண்டனில் பங்கு விற்க வேண்டிய கம்பெனிக்கு எது வசதியோ அதுவே பெரும்பாலும் எழுதப்பட்டது. மறைத்து வாழ்ந்த நம்பிக்கை, சொல்லாமல் விட்ட பிறப்பு, பசியின் கோரம் ஆகிய எல்லாமே மண்ணிலிருந்து வந்தவை. அந்த மண் நனைந்தால் அழிவது எலும்பு மட்டுமல்ல. எழுத்தைத் திருத்தும் ஒரே சாட்சி அழிகிறது.

தண்ணீர் எப்படி அழிக்கிறது? எலும்பு என்பது தாதுவும் புரதமும் பின்னிய பொருள். நனைவதும் காய்வதும் மாறி மாறி நடந்தால் அது விரிசல் விடும். நீர் தாதுவைக் கரைத்துக்கொண்டு போகும். நுண்ணுயிர் புரதத்தைத் தின்னும். மரபணு அதிக நாள் தங்குவது உட்செவியைச் சூழ்ந்த கெட்டியான எலும்பில். அதுவும் நிலையான சூழல் இருந்தால்தான் தாங்கும். ஜேம்ஸ் ஆறு இந்த இடத்தில் கடலின் ஏற்ற இறக்கத்துக்கு உட்பட்டது. நீரில் உப்பு உண்டு. உப்பு காயும்போது படிகமாகி எலும்பையும் மட்பாண்டத்தையும் உள்ளிருந்து பிளக்கும். இரும்பு ஆணி துருப்பிடித்து உதிரும். ஆணி உதிர்ந்தால் சவப்பெட்டியின் வடிவம் போய்விடும். இன்னும் நுட்பமான இழப்பு ஒன்று இருக்கிறது. 1608 தேவாலயமே மண்ணின் நிறவேறுபாடாகத்தான் மிஞ்சியிருந்தது என்று சொன்னோம். நீர் தேங்கித் தேங்கி மண் குழம்பினால் அந்த நிறக்கோடு கலங்கிவிடும். ஒரு கட்டடம் இருந்த சுவடே இல்லாமல் போகும். அதை எந்த ஆய்வகத்தாலும் மீட்க முடியாது.

தண்ணீர் ஏன் ஏறுகிறது என்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, புவி வெப்பமாதல். கடல் சூடாகி விரிகிறது, துருவப் பனி உருகுகிறது. இரண்டாவது, பனியுகத்தின் நெடுநாள் விளைவு. வடக்கே பனிப்பாறைகளின் பாரத்தால் தெற்கே மேடாக எழுந்திருந்த நிலம், பாரம் நீங்கிய பிறகு மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கிறது. மூன்றாவது, நிலத்தடி நீரைக் கண்மூடித்தனமாக உறிஞ்சுவது. காகித ஆலைகளும் நகரங்களும் பல பத்தாண்டுகளாக ஆழ்நீர்த் தேக்கத்திலிருந்து இறைத்ததில் மண்ணடுக்குகள் இறுகி, நிலமே தாழ்கிறது. கடல் உயர, நிலம் தாழ, இரண்டும் சேர்ந்து அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையிலேயே மிக வேகமாக நீர்மட்டம் உயரும் பகுதியாக இதை ஆக்கியிருக்கின்றன. ஆறு கடலைச் சேரும் பக்கத்தில் உள்ள நார்ஃபோக் நகரின் அளவுமானி 1927 முதல் காட்டும் கணக்குப்படி, நூறு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை அடி. 2050க்குள் அமெரிக்கக் கரைகளில் சராசரியாக இன்னும் 10 முதல் 12 அங்குலம் உயரும் என்று அந்நாட்டின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பு 2022இல் கணித்தது.

கரைச்சுவரைப் பலப்படுத்தினால் போதாதா என்று கேட்கலாம். அண்மையில் கருங்கற்களைக் குவித்து அதைப் பலப்படுத்தவும் செய்திருக்கிறார்கள். அது தேவையான வேலை; போதுமான வேலை அல்ல. தீவின் பின்பக்கம் சதுப்பு நிலம். ஆற்றின் அலையைச் சுவர் தடுக்கும்; சதுப்பில் பெருகி முதுகுப்புறமாக வரும் வெள்ளத்தை அது தடுக்காது. அடியிலிருந்து ஊறிவரும் நீரை எந்தச் சுவரும் தடுக்காது. 2003 செப்டம்பரில் இசபெல் புயல் வந்தபோது தீவின் பார்வையாளர் மையத்தில் வெள்ளம் புகுந்தது. அதுவரை தோண்டியெடுத்துப் பத்திரப்படுத்தியிருந்த லட்சக்கணக்கான தொல்பொருட்கள் நீரில் ஊறின. மண்ணிலிருந்து காப்பாற்றியதையே வெள்ளத்திலிருந்து மறுபடி காப்பாற்ற வேண்டியதாயிற்று. இருபது ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்த எச்சரிக்கை அது.

அப்படியானால் எல்லாக் கல்லறைகளையும் உடனே தோண்டி எடுத்துவிடலாமே என்பது அடுத்த யோசனை. அதுவும் ஆபத்து. அகழாய்வு தன்னளவிலேயே ஓர் அழிப்பு. திறந்த குழியை இரண்டாம் முறை திறக்க முடியாது. 1901இல் இதே ஆலயத் தரையைத் தோண்டினார்கள். அவர்களிடம் ஆர்வம் இருந்தது, அக்கறையும் இருந்தது. மரபணு என்ற சொல்லே அவர்களுக்குத் தெரியாது. ஆணி கிடந்த இடத்தைக் குறிக்க வேண்டும் என்ற எண்ணமும் அன்று இல்லை. 2013இல் திறந்த கல்லறை முழுமையாகப் பேச 2024 வரை ஆனது. அவசரப்பட்டு இன்றைக்கே எல்லாவற்றையும் திறந்தால், 2050இன் விஞ்ஞானிக்குக் கேட்பதற்கு எதுவும் மிஞ்சாது. திறக்காமலே விட்டாலோ, தண்ணீர் எடுத்துக்கொள்ளும். இந்த இக்கட்டில் ஆய்வாளர்களைத் தனியே நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பது அநியாயம். அவர்களுக்குத் தேவை அவகாசம். அந்த அவகாசத்தை வாங்கிக்கொடுக்கும் பொறுப்பு அரசுகளுடையது.

அவகாசம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் சஃபோக் கரையில் உள்ள டன்விச் பாடம். இடைக்காலத்தில் பெரிய துறைமுகம். கடல் அதைத் தெருத்தெருவாகத் தின்றது. கடைசியில் எஞ்சிய ஆல் செயின்ட்ஸ் தேவாலயம் 1904இல் செங்குத்தான கரைமேட்டின் விளிம்பிலிருந்து சரியத் தொடங்கியது. 1919இல் கோபுரமும் கடலில் விழுந்தது. அதன் கல்லறைத் தோட்டத்து எலும்புகள் மணல்மேட்டிலிருந்து நீட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த எலும்புகளுக்கு உரியவர்கள் எப்படி வாழ்ந்தார்கள், எதனால் இறந்தார்கள் என்று இனி யாரும் கேட்க முடியாது. நூறு ஆண்டுகளுக்கு முன் அதைத் தடுக்கும் அறிவு உலகத்திடம் இல்லை. இன்று இருக்கிறது. அதனால் பழியும் நம்மைச் சேரும்.

இங்கே நியாயமான ஒரு கேள்வியை எதிர்கொள்ள வேண்டும். ஜேம்ஸ்டவுனில் குடியேறியவர்கள் அடுத்தவர் மண்ணைப் பிடித்தவர்கள் அல்லவா? அவர்கள் கல்லறைக்காக ஏன் கவலைப்பட வேண்டும்? கேள்வியில் உண்மை இருக்கிறது. அந்த மண் பாஸ்பஹே பழங்குடி மக்களுடையது. வில்லியம் வெஸ்ட் பழங்குடியினரோடு நடந்த சண்டையில் மாண்ட அதே 1610இல், ஆங்கிலேயப் படை பாஸ்பஹே ஊருக்குள் புகுந்து, அவர்கள் தலைவரின் மனைவியையும் குழந்தைகளையும் பிடித்துச் சென்று கொன்றது. அந்தக் கொடுமையை மறைக்க எந்தக் காரணமும் இல்லை.

ஆனால் மண் நனையும்போது ஆட்சி செய்தவர்களின் எலும்பு மட்டும் நனைவதில்லை. ஆங்கிலேயருக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பிருந்தே அந்தத் தீவில் மனிதர் வாழ்ந்த தடயங்கள் அதே மண்ணில் இருக்கின்றன. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆஞ்செலா என்ற பெண், 1624, 1625ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புகளில் கேப்டன் வில்லியம் பியர்ஸ் வீட்டில் இருந்தவராகக் குறிக்கப்படுகிறார். காகிதத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரு பெயரும் ஓர் எஜமானரின் பெயரும் மட்டுமே. அவர் வாழ்ந்த இடத்தை 2017இல் அகழத் தொடங்கினார்கள்; அதுவும் அதே தாழ்ந்த தீவில்தான் இருக்கிறது. பெரிய மனிதர்களுக்கு ஆவணம் உண்டு, ஓவியம் உண்டு, வம்சாவளி உண்டு. கல்லறை அழிந்தாலும் அவர்கள் பெயர் நிற்கும். ஆஞ்செலாக்களுக்கு மண்ணைத் தவிர வேறு சாட்சி கிடையாது. எனவே இந்த மண்ணைக் காப்பதால் அதிகம் பயனடைவது வரலாறு ஒதுக்கியவர்கள்தான்.

தமிழ் வாசகருக்கு இதில் ஒரு நூலிழைத் தொடர்பும் உண்டு. 1635ஆம் ஆண்டு வர்ஜீனியா நில ஆவணம் ஒன்றில் ‘டோனி, கிழக்கிந்தியர்’ என்று ஒரு பெயர் வருகிறது. ஆள் ஒருவரைக் கொண்டுவந்தால் ஐம்பது ஏக்கர் நிலம் என்ற விதியின் கீழ், ஒரு நிலவுடைமையாளர் காட்டிய கணக்கில் ஒரு தலை அவர். அமெரிக்க மண்ணில் பதிவான முதல் இந்தியர்களில் ஒருவர். பிருந்தா சாரி 2023இல் வெளியிட்ட ‘தி ஈஸ்ட் இண்டியன்’ நாவல் அவரைச் சோழமண்டலக் கரையிலிருந்து போனவராகக் கற்பனை செய்கிறது. ஆவணம் அவர் பிறந்த ஊரையும் சொல்லவில்லை, மாண்ட நாளையும் சொல்லவில்லை. பதினேழாம் நூற்றாண்டு வர்ஜீனியாவின் மண்ணில் இப்படி எத்தனையோ பேர் பெயரின்றிக் கிடக்கிறார்கள். அவர்களைப் பற்றிக் கேட்கும் வாய்ப்பை மூடிவிடாதீர்கள் என்பது நமக்கும் உரிமையுள்ள கோரிக்கை.

செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன.

முதலாவதாக, தீவின் நீர் மேலாண்மைக்கு மத்திய அரசும் மாநில அரசும் நிலையான நிதி ஒதுக்க வேண்டும். தீவின் பெரும்பகுதி தேசியப் பூங்கா சேவையின் கையிலும், கோட்டையும் ஆலயமும் உள்ள சிறு பகுதி தனியார் அறக்கட்டளையின் கையிலும் இருக்கின்றன. வெள்ளத்துக்கு வேலி தெரியாது. இரண்டு நிர்வாகங்களும் ஒரே திட்டத்தின் கீழ் வடிகால், தாழ்நிலம் மேடாக்குதல், சதுப்பின் பக்கத் தடுப்பு ஆகியவற்றைச் செய்ய வேண்டும். நன்கொடை திரட்டி ஒரு நாட்டின் அடித்தளத்தைக் காக்கச் சொல்வது அரசு தன் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும்.

இரண்டாவதாக, எந்தக் கல்லறையை எப்போது திறப்பது என்பதற்கு வெளிப்படையான முன்னுரிமைப் பட்டியல் வேண்டும். உடனடியாக நீரில் மூழ்கக்கூடியவை முதலில். மற்றவற்றைத் தரையூடுருவும் ரேடார் கொண்டு பதிவு செய்து, மண்ணின் ஈரத்தையும் உப்பையும் தொடர்ந்து அளந்து, தாங்கும்வரை தொடாமல் விட வேண்டும். பட்டங்களும் பதவிகளும் உள்ளவர்களின் எலும்புக்குக் கிடைத்த மரபணு ஆய்வும் முப்பரிமாணப் படமும், பெயர் தெரியாத வேலையாள் எலும்புக்கும் கிடைக்க வேண்டும்.

மூன்றாவதாக, பழங்குடி மக்களின் வாரிசுகளுக்கும் ஆப்பிரிக்க வழிவந்த சமூகங்களுக்கும் இந்த முடிவுகளில் பேச்சுரிமை மட்டும் போதாது; முடிவெடுக்கும் உரிமை வேண்டும். ஆய்வு முடிந்த எலும்புகளை எங்கே, எந்தச் சடங்கோடு மீண்டும் அடக்கம் செய்வது என்பதை விஞ்ஞானிகள் மட்டும் தீர்மானிக்கலாகாது. இவர்கள் இறந்த மனிதர்கள். ஆய்வுப் பொருட்களாக ஆனது பிறகுதான்.

நான்காவதாக, நிலம் தாழ்வதை நிறுத்த வேண்டும். சுத்திகரித்த நீரை ஆழ்நீர்த் தேக்கத்துக்குள் திருப்பிச் செலுத்தும் ‘ஸ்விஃப்ட்’ என்ற திட்டத்தை ஹாம்ப்டன் ரோட்ஸ் கழிவுநீர் அமைப்பு தொடங்கியிருக்கிறது. அது வேகம் பெற வேண்டும். ஆலைகள் நீர் உறிஞ்சுவதற்கு உள்ள வரம்பு இறுக வேண்டும். மூன்று காரணங்களில் உள்ளூரிலேயே கைவைக்கக்கூடியது இது ஒன்றுதான். இதிலும் தயங்கினால் மன்னிப்பு இல்லை.

கடைசியாக, முதல் காரணமாகச் சொன்ன புவி வெப்பம். 2025 ஜனவரியில் பாரிஸ் காலநிலை உடன்படிக்கையிலிருந்து இரண்டாம் முறையாக விலகும் ஆணையில் அமெரிக்க அதிபர் கையெழுத்திட்டார். அந்த நாடு தன் விடுதலையின் 250ஆம் ஆண்டை 2026இல் கொண்டாடுகிறது. தன் பிறப்பிடம் என்று அது பெருமையோடு சுட்டும் மண்ணுக்குள் தண்ணீர் ஏறுவதற்கு அதன் சொந்தப் புகைபோக்கிகளும் காரணம். விழா எடுப்பவர்கள் முதலில் இந்த முடிவைத் திரும்பப் பெறட்டும்.

இந்த ஆபத்து ஜேம்ஸ்டவுனோடு முடியாது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பழைய ஆலயங்கள் பல ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் நிற்கின்றன. அவற்றின் தரைக்கடியில் ஊரே அடங்கியிருக்கிறது. எங்கெல்லாம் நீர் ஏறுகிறதோ அங்கெல்லாம் இதே கேள்வி எழும். உலகின் மிகப் பணக்கார நாடு, தன் மிகப் புகழ்பெற்ற கல்லறைகளைக் காக்கத் தவறினால், வசதியற்ற கரைகளில் புதைக்கப்பட்டவர்களுக்கு யார் பொறுப்பேற்பார்கள்? பணம் இருக்கிறது, அறிவு இருக்கிறது, எச்சரிக்கை கொடுத்தாகிவிட்டது. வர்ஜீனியாவும் வாஷிங்டனும் அடுத்த புயல் பருவத்துக்கு முன்பே நிதியையும் கால அட்டவணையையும் அறிவிக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டும், ஒருபோதும் எழுதப்படாத மனிதர்களின் வரலாறு நிரந்தரமாகக் கைவிட்டுப்போகும்.